மணவாழ்வோடு விசாவும் முறியும்போது பிள்ளைக்கு யார் பொறுப்பு? – வெளிநாட்டவர் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய உள்துறை அமைச்சகத்தின் வெளிநாட்டவர் பிரிவு அதிகாரிகளுக்கும், பெங்களூரு எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் மண்டலப் பதிவு) அலுவலகத்துக்கும்,

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இதைக் கொண்டுவந்தீர்கள். எண்பது ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கிற வாய்ப்பு அது. ஆனால் இதன் 36 பிரிவுகளில், இந்தியரை மணந்து, குழந்தை பெற்று, பிறகு பிரிந்துபோன வெளிநாட்டுத் தாய் தகப்பனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விமான நிறுவனம் என்ன செய்ய வேண்டும், தங்குமிடம் வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும், மருத்துவமனையும் கல்லூரியும் என்ன தகவல் தர வேண்டும் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. அப்பா ஓரிடத்திலும் அம்மா ஓரிடத்திலும் இருக்க, நடுவில் வளர்கிற பிள்ளையை மட்டும் யாரும் நினைக்கவில்லை. இதைப் பேசாமல் கடந்துபோக எங்களால் முடியவில்லை.

பெங்களூரில் குடும்பநல வழக்கு நடத்தும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லி, காகிதம் சேர்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. அல்சூர், விவேக்நகர், ஆஸ்டின் டவுன், கே.ஆர்.புரம் என்று தமிழர்கள் நிறைந்த பகுதிகளில் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டோடு மருமகளாகவும் மருமகனாகவும் வந்து குடியேறியவர்கள் உண்டு. கல்யாணம் நன்றாக இருக்கும்வரை பாஸ்போர்ட்டின் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. கசந்த அன்றைக்கு முதலில் வெளியே வருவது அதுதான்.

எப்படி என்று சொல்கிறோம். இந்தியரின் மனைவியாகவோ கணவனாகவோ வருகிறவர் பெரும்பாலும் எக்ஸ்-2 நுழைவு விசாவில் இருக்கிறார். விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால் வந்திறங்கிய 14 நாளுக்குள் உங்களிடம் பதிவு செய்ய வேண்டும். பிறகு விசா முடியும் ஒவ்வொரு முறையும் நீட்டிப்பு கேட்க வேண்டும். 2018 முதல் இதெல்லாம் இணையத்தில் நடக்கிறது. பாஸ்போர்ட், நடப்பு விசாப் பக்கம், திருமணப் பதிவுச் சான்று, வாடகை ஒப்பந்தம் அல்லது கரண்ட் பில், புகைப்படம் ஆகியவற்றை விண்ணப்பதாரரே திரட்டிவிடலாம். அவர் கையில் இல்லாதது ஒன்றே ஒன்று: இந்தியத் துணைவர் எழுதித்தரும் கடிதமும் உறுதிமொழியும். இருவரும் சேர்ந்து வாழ்கிறார்களா என்ற விசாரணையும் வரலாம்.

மனக்கசப்பு முற்றிய வீட்டில் அந்த ஒரு கடிதம் என்ன பாடு படுத்துகிறது என்பது உங்கள் கோப்புகளில் தெரியாது. “கேஸை வாபஸ் வாங்கு, கையெழுத்துப் போடுறேன்.” “நகையைக் கேட்காதே, போடுறேன்.” “பிள்ளையை விட்டுட்டுப் போ, அப்புறம் பார்க்கலாம்.” விசா முடிய இரண்டு மாதம் இருக்கும்போது இந்தப் பேரம் தொடங்கும், பத்து நாள் இருக்கும்போது முடிந்துவிடும். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று கோர்ட்டில் நீதிபதி முன்னால் எடுத்திருக்க வேண்டிய கஸ்டடி முடிவு, வரவேற்பறையில் ஒரு கடிதத்துக்கு விலையாக எடுக்கப்படுகிறது. இந்தப் பேரத்துக்கான பிடியை ஒரு பக்கத்தின் கையில் கொடுத்தது உங்கள் நடைமுறைதான் என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம்.

சுமுகமாகப் பிரிந்தவர்களுக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை. பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கேட்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி நாட்களில் பிள்ளை அப்பாவிடம், வார இறுதியும் விடுமுறையில் பாதியும் அம்மாவிடம், ஃபீஸ் பாதிப் பாதி என்று ஒழுங்காக எழுதிக் கொடுக்கிறார்கள். கோர்ட்டும் ஏற்றுக்கொள்கிறது. தீர்ப்பு வந்த அன்றே அம்மாவின் எக்ஸ்-2 விசாவுக்கு அடிப்படை போய்விடுகிறது. அப்பா மனமுவந்து கடிதம் கொடுக்க வந்தாலும் ‘என் மனைவி’ என்று உண்மையாக எழுத முடியாது. இதற்குப் பயந்தே தீர்ப்பை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு, காகிதத்தில் மட்டும் தம்பதியாக இருக்கிறவர்கள் உண்டு. நேர்மையாகப் பிரிய நினைப்பவரைப் பொய் சொல்ல வைக்கிற ஏற்பாடு இது. அதிகாரியின் கனிவால் தனிப் பரிசீலனையில் நீட்டிப்பு பெற்றவர்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த அதிகாரி என்ன நினைப்பார் என்று தெரியாமல் ஒரு பிள்ளையை எட்டாம் வகுப்புவரை திட்டமிட்டு வளர்க்க முடியாது.

ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டவருக்கும் இந்தியரின் வெளிநாட்டுத் துணைவருக்கும் தரும் நீண்டகால அனுமதி அட்டை) இருந்தால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். துணைவர் என்ற தகுதியில் பெற்ற அட்டை என்றால் கவலை இருக்கிறது. குடியுரிமைச் சட்டம் பிரிவு 7டி, உட்பிரிவு (எஃப்) 2015-இல் சேர்க்கப்பட்டது. திருமணம் சட்டப்படி கலைக்கப்பட்டால் அந்த அட்டையை ரத்து செய்யலாம் என்கிறது அது. ரத்துக்கு முன் விளக்கம் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்ற பாதுகாப்பு 2019 திருத்தத்தில் வந்தது, நல்லது. அந்த விசாரணையில் மைனர் குழந்தை இருக்கிறதா என்று கேட்கும்படி சட்டம் சொல்லவில்லை. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. புதிய பாஸ்போர்ட் வாங்கும் ஒவ்வொரு முறையும் துணைவர் வழி அட்டைதாரர் மூன்று மாதத்துக்குள் விவரத்தைப் பதிவேற்ற வேண்டும். கூடவே, திருமணம் இன்னும் நிலைத்திருக்கிறது என்ற உறுதிமொழியும் இந்தியத் துணைவரின் பாஸ்போர்ட் நகலும் வேண்டும். தனித்தனி வீட்டில் இருந்துகொண்டு வழக்கு நடத்துகிறவர் அந்த நகலை யாரிடம் போய்க் கேட்பார்? (எங்களிடம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். தாத்தா பாட்டியோ, கொள்ளுத் தாத்தாவோ இந்தியர் என்று நிரூபிக்க முடிந்தால், அலைச்சல் அதிகம் என்றாலும் ஓ.சி.ஐ.யைப் பூர்வீகத்தின் வழியே வாங்குங்கள். துணைவர் வழி சுலபம் என்று வாங்கியவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விவாகரத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது.)

இனி நீதிமன்றத்துக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. டபுள் ரோட்டில், சாந்திநகர் பஸ் நிலையக் கட்டிடத்தில் உங்கள் அலுவலகம். சித்தய்யா ரோட்டில் நியாய தேகுலா கட்டிடத்தில் இருக்கும் குடும்பநல நீதிமன்றம் அங்கிருந்து சிறிது தூரம்தான். ஆனாலும் ஓர் உத்தரவைக் கட்சிக்காரர்தான் கையில் சுமந்து வர வேண்டியிருக்கிறது. சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, அது கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். நகல் வந்த பிறகு பெயர்ச் சிக்கல் தலைகாட்டும். தமிழ்ப் பெயரை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. பாஸ்போர்ட்டில் ‘செல்வராஜா கவிதா’ என்று தகப்பன் பெயர் முன்னால் இருக்கும். கோர்ட் உத்தரவில் ‘எஸ். கவிதா’ என்று இனிஷியலோடு வரும். பிள்ளையின் பிறப்புச் சான்றில் கணவன் பெயரைச் சேர்த்து வேறொன்று இருக்கும். ஒரே ஆள் என்று நிரூபிக்கப் பிரமாணப் பத்திரம், நோட்டரி, மறுபடி பதிவேற்றம் என்று நாட்கள் ஓடும். விசா அதற்காகக் காத்திருக்காது.

இதைவிடப் பெரிய இடைவெளி காலக்கணக்கில் இருக்கிறது. போட்டியுள்ள கஸ்டடி வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். நீட்டிப்போ ஓராண்டு, சில சமயம் அதற்கும் குறைவு. ஒரே வழக்கு நடக்கும்போதே விசா இரண்டு மூன்று முறை முடியும். ‘ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 10 முதல் மாலை 5 வரை’ என்று எழுதும் நீதிபதி, அந்தப் பெற்றோர் அடுத்த சனிக்கிழமை இந்த ஊரில் இருக்க அனுமதி உள்ளவரா என்று எழுதுவதில்லை. வெளியே போய்ச் சுற்றுலா விசாவில் திரும்பி வரலாமே என்பார்கள். சுற்றுலா விசாவில் தங்கும் நாளுக்கு வரம்பு இருக்கிறது, வருகைக்கு டிக்கெட் செலவு இருக்கிறது. வாரந்தோறும் என்ற உத்தரவை அதில் நிறைவேற்ற முடியாது. யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல், குழந்தைக்கு இரு பெற்றோரின் அன்பையும் பெறும் உரிமை உண்டு என்று சொன்னது. தொலைவில் இருக்கும் பெற்றோருக்கு வீடியோ அழைப்பில் தொடர்பு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. தொலைவு தவிர்க்க முடியாததாக இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். ஒரே ஊரில் இருக்கக் கூடியவரை நீங்களே தொலைவுக்கு அனுப்பிவிட்டு வீடியோ அழைப்பைக் கைகாட்டுவது வேறு விஷயம். மூன்று வயதுப் பிள்ளை போனுக்கு முன்னால் ஐந்து நிமிஷம்கூட உட்காராது. காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் திரை வழியாக ஈரத்துணி போட முடியாது.

விசா காலாவதியானால் சரிவு வேகமாக நடக்கும். வெளிநாட்டவரின் ஆதார் விசா உள்ளவரைதான் செல்லும். அது போனால் வங்கி கே.ஒய்.சி. நிற்கும். கணக்கு முடங்கினால் பிள்ளைக்கான மாதப் பணமும் நிற்கும். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயங்குவார். புதிய சட்டத்தில் காலம் கடந்து தங்கியதற்கு மூன்றாண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்ட இந்தியத் தாயின் நிலையையும் பாருங்கள். முன்னாள் கணவர் நாட்டைவிட்டுப் போக வேண்டி வந்தால் அவர் கையில் மிஞ்சுவது வெறும் உத்தரவுக் காகிதம். ஆகவே இது வெளிநாட்டவரின் குறை மட்டும் என்று எண்ண வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எங்களை அச்சுறுத்துவது பிள்ளையின் குடியுரிமை. 2004 டிசம்பர் 3-ஆம் தேதியிலிருந்து இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க, பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர், குழந்தை பிறந்த நேரத்தில், ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும். முறையான விசாவில் வந்து, காலம் முடிந்த பிறகும் தங்கியவரும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறார். பிரசவ நேரத்தில் நீட்டிப்பு விண்ணப்பம் தவறிப்போனால், தகப்பன் பெங்களூரில் பிறந்து வளர்ந்த இந்தியராக இருந்தும் பிள்ளையின் குடியுரிமை கேள்விக்குள்ளாகிறது. மாநகராட்சி தந்த பிறப்புச் சான்று பிறந்ததற்குத்தான் சான்று, குடியுரிமைக்கு அல்ல.

பிரிவுச் சண்டையில் இது என்ன செய்கிறது தெரியுமா? ‘என் முன்னாள் மனைவி ஓவர்ஸ்டேயில் இருந்தவள்’ என்று கோபத்தில் ஒரு தகப்பன் உங்களுக்குப் புகார் எழுதுகிறார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்றும் கவனமாகக் குறிக்கிறார். அந்தத் தேதிகளுக்கு நடுவில் தன் சொந்தப் பிள்ளையின் பிறந்தநாள் விழுகிறது என்பதை அவர் பார்ப்பதில்லை. தாயை வெளியேற்ற எழுதிய புகார் மகளின் பாஸ்போர்ட்டைத் தடுக்கிறது. பிள்ளை பிறந்த தேதியன்று செல்லுபடியான விசாப் பக்கத்தை நகலெடுத்துப் பிறப்புச் சான்றோடு சேர்த்து வையுங்கள் என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். குழந்தைக்கு மூன்று நான்கு வயதான பிறகு இதைக் கேட்கிறவர்களுக்கு அந்த அறிவுரையால் பயனில்லை.

இலங்கைத் தமிழர் நிலை தனி. 2025-ஆம் ஆண்டு விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9-ஆம் தேதிக்குள் இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா தொடர்பான தண்டனையிலிருந்து விலக்குத் தந்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த ஆணை அவர்கள் கையில் விசாவையோ குடியுரிமையையோ தரவில்லை. பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கோ கஸ்டடி வழக்குக்கோ ‘நான் இங்கே இருக்க அனுமதி உள்ளவர்’ என்று எதைக் காட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மறுபக்கத்தின் அச்சத்தையும் நாங்கள் அறிவோம். ‘விசா முடியப்போகிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுவார்’ என்ற பயம் வீண் பயம் அல்ல. ஒரு பெற்றோர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-இல் பரிந்துரைத்தது. எல்லை தாண்டிக் கொண்டுபோகப்படும் குழந்தைகளுக்கான சட்ட வரைவு பற்றி 2016-இலும் அறிக்கை தந்தது. ஆனாலும் இந்தியா சேராததால், போன பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவர ஒப்பந்த வழி எதுவும் இன்று நமக்கு இல்லை. இந்தப் பயத்தால் இந்தியப் பெற்றோர் பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு அனெக்சர்-டி-யில் (இரு பெற்றோரும் சம்மதம் தரும் படிவம்) கையெழுத்துப் போட மறுக்கிறார். மற்றவர் தனியாளாக அனெக்சர்-சி-யில் (ஒருவர் சம்மதம் இல்லாதபோது தரும் படிவம்) விண்ணப்பிக்கிறார். அதைக் கேள்விப்பட்டு இவர் தடை உத்தரவு கேட்கிறார். யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதம் இருக்க முடியுமா என்று தெரியாதவர்தான் ஓடத் துணிவார். கையில் இரண்டாண்டு அனுமதி உள்ளவருக்கு ஓடுவதால் இழப்பே அதிகம். நிச்சயமான தங்கும் அனுமதி இரு பக்கத்தின் பயத்தையும் தணிக்கும்.

ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. பெற்றோரிடமிருந்து பிரிந்திருக்கும் குழந்தை இருவரோடும் நேரடித் தொடர்பு வைத்திருக்கும் உரிமையை அதன் 9-ஆவது விதி சொல்கிறது. அரசே நாடுகடத்தியதால் பிரிவு நேர்ந்தால், போனவர் எங்கே இருக்கிறார் என்ற தகவலைக் கேட்கும்போது அரசு தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அதை ஏற்றது இந்திய அரசு. ஆகவே இதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

நாங்கள் கேட்பவை இவை.

இந்தியாவில் வளரும் மைனர் குழந்தையின் தாய் அல்லது தகப்பன் என்ற தகுதியிலேயே தங்கும் அனுமதி தரும் தனி விசாப் பிரிவு ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு அடிப்படை கஸ்டடி உத்தரவோ பார்வையிடும் உரிமை உத்தரவோ ஆகட்டும், இடைக்கால உத்தரவும் போதும் என்று எழுதுங்கள். முன்னாள் துணைவரின் கடிதம் எந்தக் கட்டத்திலும் கேட்கப்படக் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டாண்டுக்குக் குறையாமல், பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை புதுப்பிக்கத் தக்கதாக அது இருக்க வேண்டும். உத்தரவு இன்னும் வராத வழக்குகளில், வழக்கு எண்ணும் பிறப்புச் சான்றும் இருந்தால் வழக்கு முடியும்வரை நீட்டிப்பு தாருங்கள். மற்றவரின் பயத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்பதால், பிள்ளையின் பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைப்பது, ஜீவனாம்சத்தைத் தவறாமல் கட்டுவது போன்ற நிபந்தனைகளை நீதிமன்றம் விதித்தால் அவற்றை அனுமதியோடு இணையுங்கள். எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

பிரிவு 7டி (எஃப்) படி நோட்டீஸ் அனுப்பும்போது மைனர் குழந்தை பற்றிய கேள்வியை அதிலேயே சேருங்கள். குழந்தை இருந்தால், மேலே கேட்ட விசாப் பிரிவுக்கு மாறும்வரை ரத்தை நிறுத்தி வையுங்கள், மாறுவதற்காக நாட்டைவிட்டு வெளியே போய் வரச் சொல்லாதீர்கள்.

நாட்டைவிட்டுப் போகச் சொல்லும் லீவ் இந்தியா நோட்டீஸோ நாடுகடத்தல் நடவடிக்கையோ எடுப்பதற்கு முன்னால், பிள்ளை தொடர்பான வழக்கு நிலுவையில் உள்ள நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிள்ளையை யாரிடம் விடுவது, ஜீவனாம்சத்தை எப்படி அனுப்புவது என்று முடிவாகக் காலம் தாருங்கள். துணைவர் கடிதம் மறுத்த ஒரே காரணத்தால் காலம் கடந்தவரைக் கறுப்புப் பட்டியலில் போடாதீர்கள். முன்னாள் துணைவரிடமிருந்து வரும் புகாரில், கஸ்டடி வழக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே நடவடிக்கை எடுங்கள்.

பெற்றோரில் ஒருவர் இந்தியர், மற்றவரின் விசா மட்டும் பிறந்த தேதியில் காலாவதியாகியிருந்தது என்ற நிலையில் உள்ள குழந்தைகளை, குடியுரிமைச் சட்டம் பிரிவு 5(4)-இன் சிறப்புச் சூழல் அதிகாரத்தைக் கொண்டு பதிவு செய்யுங்கள். என்ன ஆவணம், எத்தனை நாள், யாரிடம் மனு என்று வழிகாட்டு நெறியை வெளியிடுங்கள். 2025 விலக்கு ஆணையின் கீழ் வரும் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு, நீதிமன்றத்திலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் காட்டத்தக்க தங்கும் அனுமதிச் சான்று ஒன்று தாருங்கள்.

இனிஷியல் விரிவு, தகப்பன் பெயர் முன்பின் ஆகியவற்றால் வரும் பெயர் வேறுபாட்டுக்கு ஒரே ஒரு பிரமாணப் பத்திரம் போதும் என்று சுற்றறிக்கை விடுங்கள். பெங்களூரு எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் வாரம் ஒரு நாளாவது இந்தக் குடும்பங்களை நேரில் கேட்கும் அதிகாரி ஒருவரை அமர்த்துங்கள்.

இவற்றில் எதைச் சுற்றறிக்கையாலேயே செய்துவிட முடியும், எதற்கு விதியை மாற்ற வேண்டும், எதற்கு நாடாளுமன்றம் போக வேண்டும் என்று பிரித்து, எழுத்தில் பதில் தாருங்கள்.

குடும்பநல வழக்குகளில் உதவும் தமிழ் ஆலோசகர்கள்,
பெங்களூரு